சோப்பில் செதுக்கிய பூட்டு நாக்கு

1987-ம் வருடம், ஆடி மாதம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆரம்பித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய் முடிந்த விஷயம் இது. ஆடிக் காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்து, கொடியில் காயும் துணிகளை எல்லாம் ஒரே பக்கமாகப் பறக்க விடும் சமயம். மலை உச்சியில் மேகம் எழுந்திருக்க மனமில்லாமல் படுத்தே கிடக்கும். ஊருக்குள் மழை வராது. மழையின் வாசனை மட்டும் வந்துவிட்டுப் போகும்.

என் கணவர் ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு மேல் தேறாது. வருடத்துக்கு இரண்டு மாத லீவில் வருவார், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றுவார், மறுபடி ரயிலேறிவிடுவார். நான் மில்லில் நூல் சுற்றும் பிரிவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டு, மகளை வளர்த்து, வீட்டையும் கட்டி முடித்தேன். அவர் பென்ஷனோடு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தபோது மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எல்லோரும் "இனிமே ஒனக்கு என்ன கவலை" என்றார்கள். எனக்கோ வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்து திரும்பிப் போகாமல் இருப்பது மாதிரி இருந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து போர்வையை நாலு மூலையும் சரியாக மடித்து வைப்பார். நான் எழுந்து வருவதற்குள் அவரே டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். ஒருநாள் மில்லிலிருந்து வந்து பார்க்கிறேன், சமையலறை டப்பாக்களை எல்லாம் உயரப்படி வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். மல்லித்தூளைத் தேடவே எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. குற்றம் சொல்ல முடியாத மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வந்த மூன்றாவது மாதம் அந்த வண்டியைக் கண்டுபிடித்தார். செட்டியார்பட்டிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பருத்தி ஆலையின் ஷெட்டுக்குப் பின்னால் நின்றதாம். ஐம்பதுகளில் வெளிநாட்டிலிருந்து வந்த பிக்கப் வண்டி. முன்னால் நீளமான மூக்கு, உருண்டையான இரண்டு கண், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். டயர் நாலும் மண்ணுக்குள் போயிருந்தது. பீர்க்கங்கொடி ஒன்று மூக்கு மேல் ஏறி, உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே போய், ஸ்டீயரிங்கைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக வெளியே வந்து மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. சாயங்கால வெயிலில் வண்டி தூங்கிக்கொண்டே கனவு காண்கிற மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் அதன் மேல் ஆசையாகத்தான் இருந்தது.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்து எங்கள் கொல்லையில் நிறுத்தினார்கள். அதற்கு இடம் வேண்டும் என்று நான் பதினைந்து வருடமாக வளர்த்த மருதாணிச் செடியை அடியோடு வெட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே சம்மதித்திருப்பேன்.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் அவர் அந்த வண்டிக்குள்தான் இருந்தார். துரு ஏறிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துத் தட்டினார். பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, மதுரையில் வாங்கிய டீசல் எஞ்சினை வைத்தார். அந்த எஞ்சினும் பழைய கியர் பாக்ஸும் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகடு வைத்துத்தான் இணைக்கவேண்டும். அதற்கு அவரே படம் வரைந்து, தென்காசி ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் நாலு நாள் கூடவே நின்று கடைந்து வாங்கி வந்தார். காலை லேசாக வைத்தாலே பிடிக்கிற மாதிரிப் புது பிரேக் வைத்தார். அந்தக் காலத்தில் கையை வெளியே நீட்டித்தான் திரும்புவார்களாம். இவர் நாலு மூலையிலும் சிக்னல் விளக்கு வைத்தார். தொட்டிக்கு வேங்கைப் பலகை போட்டார். கடைசியில் கிளிமூக்கு மாங்காயின் பச்சையில் பெயிண்ட் அடித்தார். அந்தப் பச்சையில் ஆடி மேகம் ஒவ்வொன்றும் தெரிந்தது. துணி உலர்த்தப் போகிற நான் அந்த மூக்கில் நகரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

வண்டிக்குக் கதவுப் பூட்டு மாட்டும் வேலை மட்டும் மிச்சமிருந்த ஒரு நாள், அவர் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். கூடவே கறுப்பேறிய இரண்டு இரும்புத் துண்டுகள். கதவைச் சாத்தும்போது உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளுமே, அந்தப் பூட்டு நாக்குகள். இடது கதவுக்கு ஒன்று, வலது கதவுக்கு ஒன்று.

"இத செத்தத் தொடச்சுத் தாரியா?" என்றார்.

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. உட்கார்ந்து ஒரு மணி நேரம் துடைத்தேன். நாலு விரல் நீளம். முனையில் ஒரு சரிவு. நடுவில் நீளவாக்கில் ஒரு துளை. பின்னால் கோழிக்கால் மாதிரி வளைந்த ஒரு கொக்கி. துணியைக் குச்சியில் சுற்றி ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுத்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து ஸ்பிரிங்கைத் துடைத்தார். "இந்த வண்டிக்கு இது வெளிய எங்கயும் கெடைக்காது" என்றார். நான் "ம்" என்றேன். பேசியது அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு மனசு நிறைந்து இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனாரின் கணவர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் தனியாவா செஞ்சிய, மச்சான்?" என்று கேட்டார்.

"தனியாத்தான். இங்க வேற யாருக்கு இதெல்லாம் தெரியும்?" என்றார் இவர்.

நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தனியாத்தான் என்ற அந்த ஒரு சொல் என்னை என்னவோ செய்துவிட்டது. பத்தொன்பது வருடம் தனியாக இருந்தவள் நான். காய்ச்சலில் கிடந்தபோது தனியாக இருந்தேன். இந்த வீட்டுச் சுவர் எழும்பியபோதும் தனியாகத்தான் நின்றேன். அவர் அதை ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் கதவுக்கு ரப்பர் வாங்கப் போயிருந்தார். தெருவில் "பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று சைக்கிள்காரர் சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். கொல்லை மூலையில், வண்டியில் கழற்றிய துருப்பிடித்த இரும்பெல்லாம் போட்டு வைத்த சாக்கு ஒன்று இருந்தது. அதை எடுத்துப் போய்ப் போட்டேன். "பாத்துட்டுப் போடுங்கக்கா, வேண்டிய சாமான் எதுவும் இருக்கப் போகுது" என்றார் அவர். வாயைப் பிரித்துப் பார்த்தேன். மேலேயே, செய்தித்தாளில் சுற்றி, நான் துடைத்துக் கொடுத்த இரண்டு நாக்குகளும் இருந்தன. கைக்கு எட்டும்படி அவர்தான் அங்கே வைத்திருக்கவேண்டும். ஒரு கணம் கையில் எடுத்தேன். பிறகு அதையும் சாக்குக்குள்ளேயே போட்டுவிட்டு, "எல்லாம் பழசுதான், கொண்டு போங்க" என்றேன்.

பேரீச்சம்பழப் பொட்டலம் என் கையில் இருந்தது. சைக்கிள்காரர் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

என் கணவர் வந்து தேடினார். என்னைக் கேட்டார். "பழைய இரும்புன்னு நெனச்சு தெரியாமப் போட்டுட்டேன்" என்று சொன்னேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டித் திரும்பி வந்து, கை கால் கழுவிவிட்டு, "இரும்புக் கடையிலருந்து லாரில ஏத்தி அனுப்பிட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னார். தட்டில் வைத்த சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டவே இல்லை.

மறுநாள் வண்டி மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார். அதற்குப் பிறகு கொல்லைப் பக்கம் அவர் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். "வேற ஒண்ணு செய்ய முடியாதா?" என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். அப்படி நாலு நாள் போயிற்று. காற்றடிக்கும்போதெல்லாம் தார்ப்பாய் மூச்சு விடுவது மாதிரி எழும்பி எழும்பி அடங்கும். அதற்கு அடியில் அந்தப் பச்சை வண்டி இரண்டு கதவையும் சாத்த முடியாமல் நிற்கிறது என்று நினைத்தாலே எனக்கு வேறு வேலை ஓடாது.

ஐந்தாம் நாள் துணி துவைக்க உட்கார்ந்தேன். பார் சோப்பை நறுக்க அரிவாள்மனையில் வைத்தேன். சோப்பு சரிவாக வெட்டுப்பட்டது. அந்தச் சரிவைப் பார்த்ததும் விரலெல்லாம் சிலிர்த்தது. அந்த நாக்கின் முனைச் சரிவு அதேதான். துணியை அப்படியே போட்டுவிட்டு, ஒரு பழைய பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணை மூடினால் என் விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. துளைக்குள் என் சுண்டுவிரல் முதல் கணு வரை போகும். கொக்கியின் வளைவுக்குள் கட்டைவிரல் அடங்கும். முதல் கட்டி உடைந்தது. இரண்டாவதில் கொக்கி உடைந்தது. அவர் கடைத்தெருவுக்குப் போகும் நேரம் பார்த்துத் தார்ப்பாய்க்குள் நுழைந்து, கதவிலிருந்த குழிக்குள் சோப்பைப் பொருத்திப் பார்ப்பேன். இடிக்கிற இடத்தில் கிரீஸ் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தைச் சீவுவேன். பச்சைத் தார்ப்பாய்க்குள் வெளிச்சமும் பச்சையாக இருக்கும். கண்மாய்த் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு அமைதி. புதுப் பெயிண்ட் வாசனையும் சோப்பு வாசனையும் சேர்ந்து வரும். மூன்று நாளில் இரண்டு நாக்கும் சரியாக உட்கார்ந்தன.

மில்லில் என்னோடு வேலை பார்த்தவள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பம்புசெட்டுச் சாமான் வார்க்கிற பட்டறை ஒன்று இருப்பதாகச் சொன்னாள். அங்கே கிளம்பினேன். "ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று இவரிடம் சொன்னேன். இன்னொரு பொய்.

இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு இன்லாண்டு கடிதத்தை எடுத்து நீட்டினார். "போற வழியில தபால்ல போட்டுரு" என்றார். பஸ்ஸில் உட்கார்ந்து விலாசத்தைப் பார்த்தேன். புனேயில் இருக்கும் அவருடைய பழைய ராணுவ நண்பருக்கு. அந்த நண்பர் ஒரு கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். நீயும் வந்துவிடு என்று முன்பே எழுதியிருந்தார். ஒட்டியிருந்த கடிதத்தைப் பிரிக்காமலே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இவர் மறுபடி போகப் போகிறார்.

மடியில் ஒரு பையில் சோப்பு நாக்குகள். கையில் அந்தக் கடிதம். ஜன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்துகொண்டிருந்தது. இதைக் கிழித்து வெளியே போட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு எண்ணம் வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை அவர் பொருளை நான் தூக்கிப் போட்டாயிற்று. இன்னொரு தடவை செய்ய எனக்குத் தெம்பில்லை.

பட்டறைக்காரருக்கு முப்பது வயதுதான் இருக்கும். அடுப்பு அனலில் புருவம் கருகிப்போயிருந்தது. நான் பையைத் திறந்து காட்டியதும், "என்னக்கா, சோப்பைக் கொண்டாந்திருக்கிய!" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "கையில ஏகப்பட்ட வேலை கெடக்கு. அடுத்த மாசம் வாங்க, பாப்போம்" என்றார். கெஞ்சினேன். "சரி, அங்கன வச்சிட்டு உக்காருங்க. கை வேலைய முடிச்சிட்டு வாரேன்" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் காட்டினார்.

தொட்டி விளிம்பில் இரண்டையும் வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தேன். கண் அசந்துவிட்டது. சளசளவென்று சத்தம் கேட்டு விழித்தால், பட்டறையில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் என் இடது நாக்கை எடுத்து முழங்கை வரைக்கும் நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! "ஐயோ" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் சோப்பைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டார்.

எல்லோரும் கூடிவிட்டார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழ அழ, ஏன் என்றே தெரியாமல், முன்பின் தெரியாத அந்தப் பட்டறைக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேரீச்சம்பழத்தைச் சொன்னேன், தெரிந்தே போட்டதைச் சொன்னேன், பையிலிருந்த கடிதத்தையும் சொன்னேன். அவர் நேரே எதிர்க்கடைக்குப் போய் ஒரு முழு பார் சோப்பும், தன் மேஜையிலிருந்து ஒரு நல்ல கத்தியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"செதுக்குங்கக்கா. இன்னைக்கே ஊத்திருவோம்" என்றார்.

மிச்சமிருந்த வலது நாக்கைப் பார்த்து, அதையே இடம் வலமாக மாற்றிச் செதுக்கினேன். கை கழுவிய பெரியவர் பாவம், என் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, விழுகிற சீவலை எல்லாம் ஒரு தாளில் பொறுக்கினார். "வார்ப்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும்க்கா. சோப்பு அளவே வச்சா லொடலொடங்கும்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர் இரண்டையும் உருக்கிய மெழுகில் மூன்று முறை முக்கி எடுத்தார். பிறகு மண்ணில் பதித்து அச்செடுத்தார். பித்தளையைவிட உறுதியான ஒரு கலவையை உருக்கி ஊற்றினார். அந்த உலோகம் இருட்டான பட்டறைக்குள் ஆரஞ்சு நிறத்தில் தேன் மாதிரி வழுவழுவென்று இறங்கியதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "துளை போட்டு, அரம் போட்டு வைக்கேன். வியாழக்கிழமை வாங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் தபால் பெட்டி இருந்தது. கடிதத்தைப் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் "போட்டுட்டேன்" என்று இவரிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை போய் வாங்கி வந்தேன். இரண்டும் மங்கலான பொன் நிறத்தில் இருந்தன. வீட்டுக்கு வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடியில் வைத்தேன். அவர் வெகுநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கட்டைவிரலைக் கொக்கிக்குள் விட்டுப் பார்த்தார்.

"அளவு யாரு குடுத்தா?"

"நாந்தான். சோப்புல செஞ்சு குடுத்தேன்."

அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். தார்ப்பாயை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். கொஞ்ச நேரம் அரம் போடும் சத்தம். பிறகு மெத்தென்று ஒரு "டப்". கதவு சாத்தும் சத்தம். மறுபடி ஒரு "டப்". அப்படி எட்டுப் பத்து முறை சாத்திச் சாத்தித் திறந்திருப்பார்.

மூன்று வாரம் கழித்து வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆய்வுக்குக் காட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். "நீயும் வா" என்று கூப்பிட்டார். அந்த மூன்று வாரத்தில் நான் தைத்துக் கொடுத்த ரெக்ஸின் உறை போட்ட சீட்டில் உட்கார்ந்து போனேன். எஞ்சினை மாற்றியதை ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டியிருந்தது. ஆய்வு செய்த அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், படுத்து அடியிலும் பார்த்தார். கடைசியில் கதவைத் திறந்து, பளபளக்கிற நாக்கைத் தொட்டுப் பார்த்து, "இது கம்பெனிச் சாமானா?" என்று கேட்டார்.

"இல்ல சார். வீட்ல செஞ்சாங்க" என்றார் என் கணவர்.

நான் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு மட்டும் காது மடல் சூடாகிவிட்டது.

வேலை முடிந்ததும் ராஜபாளையம் ரோட்டில் போகாமல் மேற்கே, செண்பகத்தோப்புப் பாதையில் வண்டியைத் திருப்பினார். நான் எங்கே என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மேகம் அன்றைக்கு மலையை விட்டு இறங்கி மாந்தோப்புகள் வரை வந்திருந்தது. சாரல் விழுந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வர, ஒவ்வொரு முறையும் மலை தெளிந்து தெரிந்து மறுபடி கரைந்தது. எதிரில் ஒரு வண்டி கிடையாது. ரோட்டுக்கு மேல் இலவம் பஞ்சு மாதிரி புகை. டயர் நனைந்த மண்ணில் ஓடும் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. இந்த ரோடு முடியவே கூடாது என்று நினைத்தேன்.

ஒரு ஓடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"புனேலருந்து நேத்து வந்துச்சு. வேலை இருக்காம். அடுத்த மாசம் வரச் சொல்லுதான்." கடிதத்தைப் பிரித்துக் காட்டி, "நீ என்ன சொல்லுத?" என்றார்.

"அந்தச் சாக்கை நான் தெரியாமப் போடல. பிரிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றேன்.

அவர் கண்ணாடியில் வழியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். அன்னைக்கே அந்த சைக்கிள்காரர் சொல்லிட்டாரு."

"பொறவு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னத்தக் கேக்க? அது ஒன் வீடு. நான் வந்து மருதாணியை வெட்டினேன், டப்பாவை எல்லாம் எடம் மாத்தினேன். நீ இரும்பத் தூக்கிப் போடல, என்னையத்தான் போகச் சொல்லுதன்னு நெனச்சேன். இரும்ப அறுத்து, அரத்தால ராவி அந்த நாக்கை எடுக்க எனக்கு ஒரு நாள் போதும். கை ஓடல." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அந்த லெட்டரை ஒங்கிட்டத் தந்ததே நீ என்ன செய்யுதன்னு பாக்கத்தான். நீ போட்டுட்டு வந்துட்ட. சரி, போகத்தான் சொல்லுதன்னு நிச்சயமாயிட்டு. பொறவு பாத்தா இந்த நாக்கைக் கொண்டாந்து மடியில வைக்க. எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு நான் போட்ட கடிதம், அவருக்குப் போய்ட்டு வா என்று சொன்ன மாதிரி ஆகியிருக்கிறது! பத்தொன்பது வருடத்தில் எத்தனை முறை அவரை ரயிலேற்றி விட்டிருப்பேன். சொன்னால் மட்டும் நிற்கவா போகிறார் என்று ஒருமுறைகூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன்.

"போகாதிய."

அவர் தலையாட்டினார். கடிதத்தை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். சாரல் விடும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அது முன்பிருந்த மாதிரிப் பேசாமல் இருப்பது இல்லை.

அவர் புனே போகவில்லை. அந்த வண்டியில் மாம்பழக் கூடையும் பேண்டேஜ் துணிக் கட்டும் ஏற்றிக்கொண்டு ஒன்பது வருடம் ஓட்டினார். எங்கள் மகளின் கல்யாணச் சீர் சாமான் அதில்தான் போனது. தொண்ணூற்றாறில், அவருக்குக் கண் பார்வை கொஞ்சம் மங்கியதும், சுந்தரபாண்டியத்தில் ஒரு விவசாயிக்கு மனசில்லாமல் கொடுத்தோம். அந்தப் பட்டறைக்காரரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. நான் அழுதபோது ஒரு புத்திமதியும் சொல்லாமல் கத்தியையும் சோப்பையும் கொண்டுவந்து வைத்தாரே, அந்த மனசை மறக்கவே முடியாது.

இப்போதும் நாங்கள் சண்டை போடுகிறோம். டப்பா விஷயத்தில் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் பேசாமல் இருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் வலிக்காது என்று நான் இப்போதெல்லாம் எடுத்துக்கொள்வதில்லை. கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, அவர் அருகில் போய் உட்கார்ந்து, என்ன என்று கேட்டுவிடுகிறேன்.